அத்தியாயம் 6: கை தட்டி, கை நிறுத்தி

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஒரு தட்டையும் கரண்டியையும் கொடுத்தால், அடிப்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நிறுத்துவதற்குத்தான் சொல்லித்தர வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இசையில் தர வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நிறுத்தத் தெரிந்த பிறகுதான் அந்தச் சத்தத்துக்குத் தாளம் வருகிறது. தன் முறை வரும்வரை காத்திருப்பது, பக்கத்துப் பிள்ளை எழுப்பும் ஓசையைக் கேட்பது, பெரியவரின் சைகையைக் கவனிப்பது எல்லாம் அதோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன.

இந்த அத்தியாயம் இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. வீட்டில் ஒரு பிள்ளையோடு செய்யலாம். அங்கன்வாடியில் இருபது பிள்ளைகளோடும் செய்யலாம். செய்கிறவருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குப் பாட்டு வராது என்று தயங்குகிற அம்மாக்களும் டீச்சர்களும் நிறையப் பேர். உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று பிள்ளை கணக்குப் பார்க்காது. தன்னோடு சேர்ந்து பாட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷமே அதற்குப் போதும். தயங்காமல் வாயைத் திறங்கள்.

நிறுத்து விளையாட்டு

பிள்ளைகளை வட்டமாகத் தரையில் உட்கார வையுங்கள். முதல் சில நாட்களுக்கு எந்தப் பொருளும் வேண்டாம், தொடைதான் மேளம். நீங்கள் தொடையில் தட்ட ஆரம்பித்ததும் அவர்களும் தட்டுவார்கள். கொஞ்ச நேரம் தட்டிய பின் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அப்படியே அசையாமல் இருங்கள். ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டாம். சொன்னால் உங்கள் குரலுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள், கண்ணால் பார்க்க மாட்டார்கள். ஒன்றிரண்டு பேர் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சுற்றிலும் அமைதியானதும் அவர்களே நிமிர்ந்து பார்ப்பார்கள். சிரிப்பு வரும். அது அடங்குவதற்குள் மறுபடி தொடங்கிவிடுங்கள்.

நிறுத்தாத பிள்ளையைப் பேர் சொல்லிக் கண்டிக்காதீர்கள். இந்த விளையாட்டுக்கு அது நஞ்சு. நாலைந்து முறை ஆனால் தானாக வந்துவிடும்.

சில நாள் கழித்துப் பிள்ளைகள் நீங்கள் எப்போது கை தூக்குவீர்கள் என்று ஊகிக்கத் தொடங்குவார்கள். அதனால் ஒரு முறை சீக்கிரம் நிறுத்துங்கள், அடுத்த முறை நெடுநேரம் கழித்து. கையை மெல்ல மேலே உயர்த்தும்போது சத்தம் கூட வேண்டும், தாழ்த்தும்போது குறைய வேண்டும் என்று இன்னொரு சைகையையும் சேருங்கள். பிறகு அந்தப் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வட்டத்தில் உட்காருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு முதல் வாய்ப்பைக் கொடுங்கள். ஒரு சொல்லும் பேசாமல் மொத்த வட்டத்தையும் நிறுத்திவைக்க முடிகிறது என்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு பிள்ளைகளின் இயல்பான தட்டு பெரியவர்களுடையதைவிட வேகமாக இருக்கும். நாம் நிதானமாகத் தட்டி, அவர்களும் அதோடு சேர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்களால் முடியாது, ‘தாளம் வரவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் அவர்கள் தட்டுகிற வேகத்துக்கு நீங்கள் போய்ச் சேருங்கள். பிள்ளை நடந்தால் அந்த நடைக்கு நீங்கள் தட்டுங்கள், ஓடினால் ஓட்டத்துக்கு, நின்றால் நிறுத்திவிடுங்கள். தன் காலடிதான் அந்த ஓசையை நடத்துகிறது என்று தெரிந்துகொண்டதும் வேண்டுமென்றே நின்று நின்று நடக்கும். அப்போது தாளம் உள்ளே போய்விட்டது என்று பொருள்.

என்னென்ன எடுத்துக்கொள்ளலாம், எதைத் தொடக்கூடாது

கடையில் விற்கும் பிளாஸ்டிக் மேளமும் கிலுகிலுப்பையும் தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரிச் சத்தம்தான் போடும். மூடி உள்ள சிறிய எவர்சில்வர் டப்பா, எண்ணெய் டின், மண் சட்டி, உரித்த மூங்கில் துண்டு, பழைய கொலுசு, கொட்டாங்குச்சி என்று வீட்டில் கிடைப்பவற்றின் ஓசை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்டது. இரண்டு கொட்டாங்குச்சிகளின் ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். கவிழ்த்துத் தரையில் மாறி மாறித் தட்டினால் குதிரை ஓடும். மண் சட்டியைக் கையால்தான் தட்ட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மானாமதுரைக் கடமும் மண்தான், அதையும் வித்வான்கள் விரலாலும் உள்ளங்கையாலும்தான் வாசிக்கிறார்கள்.

டப்பாவுக்குள் போட்டுக் குலுக்க விதை தேடும்போது மிகுந்த கவனம் வேண்டும். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் குன்றிமணியை ஒருபோதும் எடுக்காதீர்கள். அதன் உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் உடைந்த விதை ஒன்று வாய்க்குள் போனாலும் ஆபத்து. ஆமணக்கு விதையும் மஞ்சள் அரளி விதையும் அதே வகை. மூன்றும் நம் ஊர் வேலியோரத்தில் கிடைப்பவை, பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வருவார்கள். புளியங்கொட்டை, துவரை, உளுந்து, நெல், கூழாங்கல் போதும். எதைப் போட்டாலும் மூடியை ஒட்டும் நாடாவால் சுற்றி, நீங்களே இழுத்துப் பார்த்த பிறகு கையில் கொடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எதையும் வாயில் வைக்கும். ஒரு கொண்டைக்கடலை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். மேளத்துக்குத் தோலாகப் பலூனை இழுத்துக் கட்டுகிற வழக்கம் பரவிவருகிறது. கிழிந்த பலூன் துண்டும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே வேண்டாம்.

மூடிய சின்ன அறையில் பத்து எவர்சில்வர் தட்டுகள் ஒரே நேரத்தில் ஒலித்தால் பெரியவர் காதே தாங்காது. ஒரு கை நீளத்தில் இருப்பவரிடம் பேச நீங்கள் கத்த வேண்டியிருந்தால் சத்தம் அளவு மீறிவிட்டது. மரத்தடிக்குப் போங்கள், அல்லது கரண்டி முனையில் துணி சுற்றுங்கள்.

ஓசை எங்கே இருக்கிறது?

எவர்சில்வர் தட்டின் விளிம்பைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தால் ‘டொக்’ என்று அடங்கிப்போகும். அதையே நூலில் கட்டித் தொங்கவிட்டு அடித்தால் நெடுநேரம் ஒலிக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும் தட்டை விரல் நுனியால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். விரலில் கூச்சம் தெரியும். அடுத்த நொடி ஓசை நின்றுவிடும். பிள்ளை திரும்பத் திரும்ப அடித்துத் தொட்டுப் பார்க்கும். விடுங்கள். ‘ஏன் நின்றது?’ என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள், நீங்களே பதிலும் சொல்லாதீர்கள். நடுக்கம் இருக்கும்வரை ஓசை இருக்கிறது என்பதை விரல் முதலில் அறிந்துகொள்ளட்டும். ஒலி என்பது அதிர்வு என்ற வாக்கியம் பள்ளிப் புத்தகத்தில் பிறகு வரும்போது, பிள்ளைக்கு அது பழகிய செய்தியாக இருக்கும்.

இதையே கண்ணாலும் பார்க்கலாம். ஒரு பாத்திரத்தின் வாயில் பாலிதீன் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்து ரப்பர் பேண்டால் கட்டி, மேலே பத்துப் பதினைந்து அரிசி மணிகளைத் தூவுங்கள். பாத்திரத்தைத் தொடாமல், பக்கத்தில் ஒரு தட்டைப் பலமாக அடியுங்கள். அரிசி துள்ளும். நாலு வயதுப் பிள்ளைகள் இதை எத்தனை முறை செய்தாலும் சலிக்க மாட்டார்கள்.

கரண்டியை ஒரு முழ நூலின் நடுவில் கட்டி, நூலின் இரு முனைகளையும் இரண்டு ஆள்காட்டி விரல்களில் சுற்றி, அந்த விரல்களைக் காதின் முன்மடலில் அழுத்திக்கொள்ளச் செய்யுங்கள். நீங்கள் இன்னொரு கரண்டியால் தொங்கும் கரண்டியைத் தட்டினால், மற்றவர்களுக்குச் சின்ன ‘டிங்’ மட்டும் கேட்கும். அந்தப் பிள்ளைக்கோ கோயில் மணி கேட்கும். ஓசை நூல் வழியாக ஏறிப் போகிறது. விரலோ நூலோ காதுக்குள் நுழையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோடி சேர்ப்பது

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டின் கடைசியில் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் நாடு திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். தென்னிந்தியாவில் அவர் முறை வேர்விட்டதற்கு அந்த ஆண்டுகள் ஒரு காரணம். அவர் வடிவமைத்த கருவிகளில் ஓசைப் பெட்டிகள் உண்டு: ஆறு குப்பிகள் ஒரு நிறத்தில், ஆறு இன்னொரு நிறத்தில். குலுக்கிக் கேட்டு, ஒரே ஓசை உள்ளவற்றை ஜோடி சேர்க்க வேண்டும்.

இதை வீட்டில் செய்ய, உள்ளே இருப்பது தெரியாத, ஒரே அளவிலான சிறு டப்பாக்கள் வேண்டும். ஆறு ஜோடியோடு தொடங்காதீர்கள், மூன்று போதும். ரவை, கடலைப்பருப்பு, கூழாங்கல் என்று ஓசையில் நன்கு விலகி நிற்பவற்றைப் போடுங்கள். இரண்டு டப்பாவிலும் ஒரே அளவு போட வேண்டும், இதில் கவனம் பிசகினால் விளையாட்டே கெட்டுவிடும். ஒரு ஸ்பூன் ரவையும் மூன்று ஸ்பூன் ரவையும் ஒரே மாதிரி ஒலிக்காது. பிள்ளை ஒன்றை எடுத்து வலது காதருகே குலுக்கட்டும், பிறகு இடது காதருகே. அதைக் கீழே வைத்துவிட்டு அதன் ஜோடியைத் தேடட்டும். கீழே வைத்த ஓசையை மனதில் பிடித்துக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது பாருங்கள், அங்கேதான் வேலை நடக்கிறது.

தவறாக ஜோடி சேர்த்தால் ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். ‘ரெண்டையும் இன்னொரு தடவை ஆட்டிப் பாரு கண்ணு’ என்றால் போதும். மூன்று ஜோடி எளிதாக வந்தபின் ரவையும் உப்பும், உளுந்தும் துவரையும் என்று நெருங்கிய ஓசைகளுக்குப் போங்கள். அதற்குப் பிறகு, சத்தம் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக அடுக்கச் சொல்லலாம். இது ஐந்து வயதில் வரும்.

கையால் அளக்கும் குறிலும் நெடிலும்

தமிழ்ப் பிள்ளைக்குத் தாளத்தையும் எழுத்தையும் ஒன்றாகக் கற்றுத்தர நம் மொழியே வழி செய்து வைத்திருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. தொல்காப்பியம் மாத்திரையை அளப்பதே கண் இமைப்பதாலும் விரல் நொடிப்பதாலும்தான். உடம்பால் அளந்த ஒன்றை நாம் ஒன்றாம் வகுப்பில் மனப்பாடப் பட்டியலாக ஆக்கிவிட்டோம். மறுபடியும் உடம்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதலில் பேர். வட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சேர்ந்து சொல்லித் தட்டுங்கள்: செல்-வி, இரண்டு தட்டு. மு-ரு-கன், மூன்று. ஐ-ஸ்-வர்-யா என்று ஒரு பிள்ளை நான்கு தட்டும், இன்னொன்று ஐஸ்-வர்-யா என்று மூன்று தட்டும். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படித்தான் கை தட்டும். ஆசிரியர்கள் இதில் குழம்புவது உண்டு. ‘அம்மா’ என்பதில் எழுத்து மூன்று, ஆனால் வாயும் கையும் அம்-மா என்று இரண்டாகவே பிரிக்கும். எழுத்தை எண்ணுவது பிறகு வரட்டும். இப்போது காதுக்குக் கேட்பதைத் தட்டினால் போதும். செய்யுளில் அசை பிரிப்பதற்கும் அடிப்படை இந்தக் காதுதான்.

பேர் பழகியபின் குறில், நெடில். குறிலுக்குக் கையில் ஒரு தட்டு. நெடிலுக்கு ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையை எடுக்காமல் முழங்கைவரை இழுக்க வேண்டும். ‘கல்’ என்றால் ஒரு தட்டு, ‘கால்’ என்றால் தட்டி இழுவை. ‘பல், பால்’. ‘விடு, வீடு’. ‘முடி, மூடி’. ‘படு, பாடு’. ஜோடியில் இரண்டாவதைச் சொல்லும்போது பிள்ளைகள் இழுப்பதற்காகவே காத்திருப்பார்கள். பிறகு நீங்கள் வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும் காட்டுங்கள், அது ‘முடி’யா ‘மூடி’யா என்று அவர்கள் சொல்லட்டும். அடுத்து அவர்கள் காட்டட்டும், நீங்கள் சொல்லுங்கள். ‘கண்’, ‘காண்’ என்று பிள்ளைகளே புது ஜோடிகள் கண்டுபிடித்துக்கொண்டு வரத் தொடங்குவார்கள். சில பொருளற்றவையாக இருக்கும். அவற்றையும் தட்டிப் பாருங்கள், பொருளைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எழுதும்போது துணைக்காலை விட்டுவிடுவதும், ‘பாட்டு’ என்பதைப் ‘பட்டு’ என்று எழுதுவதும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். கை இழுத்துப் பழகிய பிள்ளைக்கு அந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்று காது சொல்லும்.

தெருக்குரல்

குரலுக்குப் பயிற்சி என்று ‘ஸரிகம’விலிருந்து தொடங்க வேண்டாம். கீரைக்காரம்மா எப்படிக் கூவுகிறார், கோலமாவு விற்பவர் எப்படி, ஐஸ்காரர் எப்படி? பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள்தான் அந்தக் கூவல் இருக்கும், கடைசி எழுத்தில் நீண்டு இறங்கும். பிள்ளைகளும் தெருமுனையிலிருந்து ஒருவரை ஒருவர் அழைக்கும்போது இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஹங்கேரி நாட்டு இசைமேதை ஸோல்டான் கோடாய் (1882–1967) பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கும் நாட்டுப் பாடல்களிலிருந்தே இசைக் கல்வி தொடங்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். அவர் வழிவந்த ஆசிரியர்கள் மேலிருந்து கீழே இறங்கும் இரண்டு ஸ்வரத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நம் கீரைக்காரம்மாவிடம் அது தயாராக இருக்கிறது.

ஒரு பிள்ளை கூடையோடு வட்டத்தைச் சுற்றி வரட்டும். என்ன விற்கிறது என்று அதுவே முடிவு செய்து கூவட்டும். மற்றவர்கள் அதே ராகத்தில் ‘என்ன விலை?’ என்று கேட்கட்டும். கூவுகிற பிள்ளை அடுத்த முறை வேறு மாதிரி இழுத்துக் கூவினால், கேட்பவர்களும் அப்படியே மாற்ற வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்குக் கூடை கையில் இருப்பதே தைரியம்.

நீங்கள் பாடிக் காட்டும்போது வழக்கமான குரலைவிடச் சற்று உயர்த்திப் பாடுங்கள். நம் குரல் பிள்ளைகளுக்குத் தாழ்வு. அந்த அடிக்குரலை எட்ட முயன்று அவர்கள் பேச்சுக் குரலிலேயே முனகுவார்கள். அப்பாக்களும் தாத்தாக்களும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஆமா போடும் கதை

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும்: புலவர் ஒரு வரி சொல்ல, உடனிருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்கள். சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்ல இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை. கதை சொல்பவர் நடுவில், முன்னால் ஒரு குடம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குடத்தில் ஒரு தட்டு, பிள்ளைகள் எல்லாரும் ‘ஆமா!’

‘ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம்.’ ‘ஆமா!’ ‘யானைக்கு ஒரே பசியாம்.’ ‘ஆமா!’ இப்படிப் போகும்போது ஓசைகளையும் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம். யானை நடந்தால் தரையில் உள்ளங்கை, மழை வந்தால் விரல் நுனியால் டப்பாவில் தட்டு, இடி என்றால் எண்ணெய் டின், குதிரைக்குக் கொட்டாங்குச்சி. தன் ஓசை வரும் இடத்துக்காகப் பிள்ளை கதையை உன்னிப்பாகக் கேட்கும். நடுவில் ‘யானை பறந்துச்சாம்’ என்று ஒன்றை நுழையுங்கள். பாதிப் பேர் பழக்கத்தில் ‘ஆமா’ என்பார்கள், மீதிப் பேர் ‘இல்லே டீச்சர்!’ என்று கத்துவார்கள். அதன்பிறகு எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். மழைக் கதையைத் தூறலில் ஆரம்பித்து, கொட்டவைத்து, விட்டுவிட்டுச் சொட்டும் கடைசித் துளியில் முடித்தால், ஓசை கூடுவதும் குறைவதும் அவர்களுக்கே புரிந்துவிடும்.

தண்ணீரும் டம்ளரும்

ஐந்து வயதுக்கு மேல் இதைச் செய்யலாம். ஜலதரங்கத்தில் பீங்கான் கிண்ணங்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டி வாசிக்கிறார்கள். நமக்கு ஒரே மாதிரியான நான்கு கண்ணாடி டம்ளர்கள் இருந்தால் போதும். உடைகிற பொருள் என்பதால் தட்டுவது ஒருவர், பார்ப்பது மற்றவர் என்று வையுங்கள். மடித்த துண்டின் மேல் வைத்து மரப் பென்சிலால் தட்டுங்கள். ஒன்றில் தண்ணீர் இல்லை, ஒன்றில் பாதி, ஒன்றில் முக்கால், ஒன்றில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே. பாதிவரை ஊற்றினால் அதிக மாற்றம் தெரியாது, மேலே ஏற ஏறத்தான் ஓசை நன்றாக இறங்கும்.

தட்டுவதற்கு முன், ‘தண்ணி நிறைய இருக்கிறது உச்ச ஓசையா, தாழ்ந்த ஓசையா?’ என்று கேட்டு ஆளுக்கொரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் கூடினால் ஓசை தாழும். இதைப் பிடித்துக்கொண்டதும் அடுத்த வேலை: ஒரு கண்ணாடிப் பாட்டிலின் வாயில் குறுக்காக நீங்கள் ஊதிக் காட்டுங்கள். தண்ணீரைக் கூட்டி மறுபடி ஊதுங்கள். இப்போது ஓசை உயரும்! தட்டும்போது நடுங்குவது கண்ணாடி, தண்ணீர் அதன் நடுக்கத்தை மந்தமாக்குகிறது. ஊதும்போது நடுங்குவது உள்ளே இருக்கும் காற்று, தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறைகிறது. விளக்கம் உங்களுக்காகச் சொன்னது. பிள்ளைகளுக்கு அந்த ஆச்சரியமே போதுமானது.

தகிட, தகதிமி

ஐந்து, ஆறு வயதில், தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோல் சொற்கள் கணக்குக்கு வந்து உதவும். தகிட என்றால் மூன்று, தகதிமி நான்கு, தக தகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு. சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். மூன்று கொட்டை ஒரு வரிசை, பக்கத்தில் நான்கு கொட்டை. சேர்த்து எண்ணினால் ஏழு. இப்போது வரிசையை மாற்றி, தகதிமி தகிட என்று சொல்லி வைத்துப் பார்க்கட்டும். அதுவும் ஏழுதான், ஆனால் காதுக்கு வேறு மாதிரி இருக்கிறது. கூட்டலில் இடம் மாறினாலும் தொகை மாறாது என்பதைப் பலகையில் எழுதிக் காட்டுவதற்கு முன்பே வாயாலும் கையாலும் கண்டுகொள்கிறார்கள்.

முதல் எழுத்தில் மட்டும் கை தட்ட வேண்டும், மீதியை வாயால் மட்டும் சொல்ல வேண்டும் என்பது அடுத்த படி. இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒன்று தகிட, மற்றது தகதிமி சொல்லச் சொன்னால் ஆறு வயதுக்கு அது சிரமம். சிரித்துக்கொண்டே குழம்புவார்கள், பரவாயில்லை. ஆதி தாளம் போடவும் இந்த வயதில் முடியும்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டு எண்ணிக்கை. சரளி வரிசைக்கு எப்போது அனுப்பலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில்: பிள்ளை ஓர் இடத்தில் அரை மணி நேரம் விரும்பி உட்காரும்போது. அதுவரை அவசரமில்லை.

கலைஞரை அழையுங்கள்

உங்கள் ஊரில் தவில் வாசிப்பவரோ பறை வாசிப்பவரோ நிச்சயம் இருப்பார். மாதம் ஒருவரையாவது வரச் சொல்லுங்கள். வெறும் கையோடு அனுப்பாமல் மரியாதை செய்து அனுப்புங்கள். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொள்வதையும் இடது கையில் குச்சி பிடிப்பதையும் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். பறையைத் தீயில் காய்ச்சினால் தோல் இறுகி ஓசை உயர்வதை அவர்கள் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். காய்ச்சும் முன் ஒரு தட்டு, காய்ச்சியபின் ஒரு தட்டு. பறை என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். வீணைக்குக் கொடுக்கும் அதே இடத்தைப் பறைக்கும் கொடுப்பது டீச்சரின் கடமை என்று நினைக்கிறேன். அந்த வயதில் பிள்ளைகளிடம் அந்தச் சுளிப்பு கிடையாது, நாம்தான் புகுத்துகிறோம்.

விளம்பரங்களை நம்பாதீர்கள்

மொசார்ட் இசையைக் கேட்டால் குழந்தை அறிவாளியாகும் என்று சொல்லி ஒலிநாடாவிலிருந்து செயலி வரை விற்றுவிட்டார்கள். இதற்கு மூலம் 1993இல் வெளியான ஒரு சிறு ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். கண்ட முன்னேற்றம் ஒரு வகைப் புதிரில் மட்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு. குழந்தைகளைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார்.

சேர்ந்து இசைப்பதைப் பற்றிய ஆய்வு எனக்குப் பொருட்படுத்தத் தக்கதாகத் தெரிகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிர்ஷ்னர், டொமசெல்லோ என்ற இருவர் நான்கு வயதுப் பிள்ளைகளை இருவர் இருவராக விளையாட விட்டார்கள். ஒரு பகுதியினர் சேர்ந்து பாடி ஆடினார்கள். மற்றவர்கள் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் ஆடினார்கள். பாடி ஆடியவர்கள் பிறகு ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள் என்று 2010இல் எழுதினார்கள். அங்கன்வாடியில் பிள்ளைகளோடு கும்மியடிக்கும் எந்த டீச்சருக்கும் இது வியப்பாக இருக்காது.

கைபேசியில் பாட்டு ஓடவிட்டுப் பிள்ளையை அதன் முன் உட்காரவைப்பது இந்த அத்தியாயத்தில் சொன்ன எதற்கும் ஈடாகாது. அந்தப் பெட்டி பிள்ளை தட்டினால் நிற்காது, வேகம் கூட்டினால் கூடாது, தப்பாகப் பாடினால் சிரிக்காது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

காதைப் பொத்துகிற பிள்ளை, திரும்பாத பிள்ளை

ஓசை கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளை ஒன்று எந்தக் குழுவிலும் இருக்கும். இழுத்து உட்காரவைக்காதீர்கள். வாசலருகே நிற்கட்டும். ரவை டப்பா போன்ற மெல்லிய ஓசையை அதன் பொறுப்பில் விடுங்கள். எப்போது நிறுத்துவது என்ற சைகையையும் கொடுங்கள். சத்தம் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும்.

இந்த விளையாட்டுகளில் இன்னொன்றும் வெளிப்படும். மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே செய்து, முதுகுப் பக்கம் எழும் ஓசைக்குத் திரும்பாத பிள்ளை. டப்பா ஜோடிகளை எத்தனை முறை குலுக்கியும் வேறுபாடு காணாத பிள்ளை. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை. ‘விளையாட்டுப் புத்தி’, ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையின் பின்னால் நின்று, உங்கள் நிழல் விழாமல், தரை அதிராமல், மெல்ல ஒரு கிண்ணத்தைத் தட்டிப் பாருங்கள். வெவ்வேறு நாட்களில் செய்தும் திரும்பவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சோதனையில் திரும்பிவிட்டாலும் சந்தேகம் இருந்தால் போய்வருவதில் தவறில்லை. சளியால் காது அடைத்துக்கொண்டிருந்தால்கூட அங்கே தெரிந்துவிடும், அதற்கு வைத்தியமும் உண்டு. பேச்சு வளர்கிற முதல் ஆண்டுகளில் கேள்விக் குறையைக் கண்டுபிடித்தால், காதுக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் கொடுத்து அந்தப் பிள்ளையைப் பேசவைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு ஆண்டு தாமதித்தால் அந்த ஆண்டு திரும்பி வராது. உங்களுக்குச் சந்தேகம் வந்த அன்றே அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசுங்கள்.